உப்புப் போட்ட ஐஸும் ஒரு பெட்டி பிலிமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்த மாதிரி இருக்கக் கூடாது: நான் ஒரு மடையன். பிறவி மடையன் என்றால் மன்னித்துவிடலாம். நான் யோசித்து, திட்டம் போட்டு, வியர்வை சிந்தி மடையனானவன். நாட்டின் கஜானா காலியாகி, சனமெல்லாம் சமையல் கேஸுக்கும் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்த நாட்களில், நோன்பையும் பிடித்துக்கொண்டு, சைக்கிள் கரியரில் ஐஸ் கட்டி வந்து, வீட்டில் கிடந்த போட்டோப் பிலிமுக்குப் பணிவிடை செய்தவன் நான். பிலிம் என்றால் தியேட்டரில் ஓடுகிற படம் இல்லை. கமெராவுக்குள் போடுகிற சுருள். இன்றைக்கு யாரும் தேடாத, கேட்டால் சிரிக்கிற, அந்தப் பழைய பிலிம் ரோல்.

அதை ஏன் வீட்டில் குவித்து வைத்திருந்தேன் என்று கேட்டால், மலிவாகக் கிடைத்தது என்பதுதான் உண்மையான பதில். கையடக்கப் போன் வந்து எல்லாரும் படம் பிடிக்கத் தொடங்கியதும், சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் இருந்த ஸ்டூடியோக்காரர்கள் பிலிம் ரோல்களைக் கண்ணாடி அலுமாரியிலிருந்து இறக்கி மூலையில் போட்டார்கள். நான் பையோடு போனேன். "திகதி முடிஞ்ச சாமான் நானா, என்னத்துக்கு?" என்று என்னை அண்ணனாக்கிக் கேட்டார்கள். "சும்மா" என்றேன். சும்மா என்று சொல்லிச் சொல்லியே பிரிட்ஜ் நிறைந்துவிட்டது.

மலிவு என்று சொன்னால் மரியாதை இல்லை என்பதால் வேறு ஒரு காரணமும் வைத்திருந்தேன். யுத்த நாட்களில் விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து வாப்பா உம்மாவோடு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது நான் சிறுவன். உடுத்திருந்த உடுப்போடு வந்தோம். எங்கள் வீட்டு மரப்பெட்டியில் ஒரு படப் புத்தகம் இருந்தது; அதில் உம்மாவின் கலியாணப் படம் இருந்தது. அந்தப் பெட்டி என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. "அதனால்தான் பிலிம் சேர்க்கிறேன்" என்று நான் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். கதை உண்மை. ஆனால் அதைச் சொல்லும்போது கேட்பவரின் கண்ணை நான் ஓரக்கண்ணால் பார்ப்பதும் உண்மை. கலங்காத ஒரே ஆள் என் மனைவி.

"விட்டுட்டு வந்தது படம். நீங்க சேக்கிறது பிலிம். ரெண்டும் ஒண்டா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம்தான். ஏனென்றால் நான் படம் எடுப்பதில்லை. கமெரா இருக்கிறது. அதற்குள் ஒரு ரோலும் இருக்கிறது, மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் போட்டது. மகளைக் கட்டிக்கொடுத்து அவள் எலுவன்குளத்தில் குடியும் குடித்தனமுமாகிவிட்டாள். ரோல் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு தரமும் கமெராவைக் கண்ணில் வைப்பேன். இதற்கா ஒரு படத்தைச் செலவழிப்பது என்று தோன்றும். இறக்கிவிடுவேன். மனைவி புதுச் சாரி உடுத்தி ஆயத்தமாகி நிற்பாள். "வெளிச்சம் காணாது" என்பேன். புத்தளம் மாவட்டத்தில், பட்டப்பகலில், உப்பளத்து வெயிலில் நின்றுகொண்டு வெளிச்சம் காணாது என்று சொன்ன ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் பிலிமைக் காப்பாற்றுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. சூடு பட்டால் பிலிம் கெடும்; நிறம் வெளிறும், கறுப்பு சாம்பலாகும். அதனால் எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் மேல் தட்டு பிலிம், நடுத் தட்டு பிலிம், மரக்கறிப் பெட்டி பிலிம். மீனும் மரக்கறியும் அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கு முடிக்க வேண்டும். கதவில் முட்டை வைக்கிற தட்டில் இரண்டு குழிகள் மட்டும் மனைவிக்கு. அந்த இரண்டு குழியிலும் அவளுடைய இன்சுலின் குப்பிகள். அவளுக்குச் சீனி வருத்தம். காலையும் மாலையும் ஊசி. அதிகாரப் பகிர்வு பற்றி நாட்டில் எவ்வளவோ கதை நடந்தது. எங்கள் பிரிட்ஜில் அது நடக்கவேயில்லை.

அப்போதுதான் கரண்ட் போகத் தொடங்கியது.

முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அரை நாள், பிறகு எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிற நிலைமை. மனைவி பதறவில்லை. ஒரு பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து, இடையில் மணலைக் கொட்டி, மணலில் தண்ணீர் ஊற்றி, சின்னச் சட்டிக்குள் மருந்துக் குப்பிகளை வைத்து, ஈரத் துணியால் மூடி, குசினியில் காற்றுப் படுகிற மூலையில் வைத்தாள். கிளினிக்கில் சொல்லிக் கொடுத்ததாம். தொட்டுப் பார்த்தேன், குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் என் பிலிமெல்லாம் சட்டிக்குள் கொள்ளுமா? அந்த அளவுக்குச் சட்டி செய்கிற குயவன் இன்னும் பிறக்கவில்லை.

பதறியது நான்தான். பிரிட்ஜைத் திறந்தால் குளிர் போகும் என்று மூடியே வைத்தேன். உள்ளே சூடாகிவிட்டதோ என்று பார்ப்பதற்காகத் திறந்தேன். திறந்துவிட்டோமே என்று மூடினேன். கடைசியில் மீன்காரர்கள் ஐஸுக்குப் பாவிக்கிற, வெள்ளை நுரைப் பலகையில் செய்த பெரிய ரெஜிபோம் பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்து, கொள்ளுமளவு பிலிமைப் பொலித்தீன் பைகளில் கட்டி அதற்குள் அடுக்கி, ஐஸுக்காக எத்தாளைக்குச் சைக்கிளை மிதித்தேன்.

எத்தாளையில் கரையோரத்தில் மீன் கொட்டில் ஒன்றில், வாடி என்போம், ஒரு மீன் வியாபாரி இருந்தார். வேதக்காரர், கழுத்தில் சிலுவை, என்னைவிட இளையவர். ஐஸ் தொழிற்சாலைகளும் கரண்ட் இல்லாமல், டீசல் இல்லாமல் அரைகுறையாக ஓடிய நேரம். அவருக்கே ஐஸ் போதாது. என் முகத்தைப் பார்த்தார்.

"மருந்துக்கா நானா?"

"ஓம் தம்பி. வீட்டில சீனி வருத்தம். ஊசி மருந்து சூட்டில பழுதாகும் தானே."

சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. சேர்த்துப் பார்த்தால்தான் பொய்.

"எங்கட அம்மாவுக்கும் அந்த ஊசிதான்" என்றார் அவர். தன் மீன் பெட்டியிலிருந்தே ஐஸை அள்ளி என் சாக்கில் போட்டார். இன்னும் கொஞ்சம் அள்ளினார். "வருத்தக்காரிக்கு முதல், மீனுக்குப் பொறகு" என்றார். அடுத்த நாளும் தந்தார். அதற்கடுத்த நாளும் தந்தார். ஒவ்வொரு நாளும் "எப்படி இருக்கா அவ?" என்று கேட்டார். "பரவாயில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் மிதித்தேன். வரும் வழியிலேயே கால்வாசி ஐஸ் உருகித் தெருவில் ஒழுகும். நோன்புத் தாகத்தில் அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருவதே எனக்குத் தனித் தண்டனை.

உருகுவதைத் தடுக்க என்ன வழி என்று யோசித்தபோதுதான் என் அறிவு வேலை செய்தது. நான் பாலாவிப் பக்கத்து உப்பளத்தில் லொறிகளுக்கு உப்பு ஏற்றுவதற்குப் பொறுப்பாக இருப்பவன். உப்புக் குவியலின் நிழலில் நின்றபோது சின்ன வயதில் பார்த்த ஐஸ்கிரீம்காரர் நினைவுக்கு வந்தார். வாளிக்குள் ஐஸை நிரப்பி, அதன் மேல் உப்பை அள்ளிப் போட்டு, நடுவில் பால் டப்பாவைச் சுழற்றுவார். உப்புப் போட்ட ஐஸின் குளிரில் பாலே கட்டியாகிவிடும். அப்படியென்றால் உப்புத்தான் விடை! வாழ்நாள் முழுக்க உப்புக்கு நடுவில் நின்றுகொண்டு உப்பைத் தேடி அலைந்திருக்கிறேனே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஒரு பை உப்போடு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு அடுக்கு ஐஸ், அதன் மேல் உப்பு, அதன் மேல் பிலிம், மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. பிரியாணிக்குத் தம் போடுகிற சமையல்காரன் மாதிரி அடுக்கினேன். கையை உள்ளே விட்டால் விரல் விறைத்தது. சந்தோஷத்தில் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில்தான் மனைவியின் மண்சட்டி கண்ணில் பட்டது. பிலிமுக்கு இவ்வளவு குளிர், கட்டின மனுசியின் மருந்துக்கு வெறும் ஈர மணலா என்று மனம் இளகியது. அவள் பக்கத்து வீட்டு மாமியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். சட்டியிலிருந்து இரண்டு குப்பிகளையும் எடுத்து, பெட்டியின் நட்ட நடுவில், ஐஸ் கெட்டியாக இருக்கிற இடத்தில் வைத்து மூடினேன். கலியாணம் முடித்ததிலிருந்து நான் அவளுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

காலையில் அவளுடைய குரல் கேட்டது.

"இஞ்ச பாருங்க, சட்டிக்குள்ள மருந்தக் காணல்ல."

"பெட்டிக்குள்ள இருக்கு புள்ள. நல்ல குளிரா வச்சிருக்கன்" என்றேன், பரிசு கிடைக்கப்போகிறவன் குரலில்.

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் அரைவாசிகூட உருகவில்லை. பார்த்தீர்களா என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையை விட்டுக் குப்பிகளை எடுத்தாள். ஜன்னலுக்கு நேரே பிடித்துக் கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"ஐஸாயிட்டு" என்றாள்.

"உருகும் தானே?"

"உருகும். மருந்தா இருக்காது. மொதல் நாளே கிளினிக்ல நேர்ஸ் மிஸ் சொன்னா. கொஞ்சம் சூடு பட்டாலும் பரவாயில்ல, ஐஸானா எறிஞ்சிடுங்க எண்டு. நீங்களும் பக்கத்தில நிண்டீங்க."

நின்றேன்தான். அந்த நேரத்தில் கிளினிக் ஜன்னல் வழியாகச் சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், படம் எடுத்தால் நன்றாக வருமே என்று.

மருந்து உருகும் வரைக்கும் இருவரும் கதிரைகளில் இருந்து குப்பிகளையே பார்த்தோம். பால் மாதிரி இருக்க வேண்டிய மருந்து, புளித்துத் திரிந்த பால் மாதிரி, கண்ணாடியில் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு நின்றது.

"பிலிம் நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

நக்கலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிசமாகவே கேட்டாள். பிலிம் நன்றாக இருந்தது. பிலிம் ஐஸானால் ஒன்றும் ஆகாது. அதை நான் எங்கேயோ வாசித்து மனப்பாடமாக வைத்திருந்தேன்.

அடுத்த கிளினிக் நாளுக்கு இன்னும் நாட்கள் இருந்தன. "ஆசுபத்திரிக்குப் போவம்" என்றேன். அவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மூத்த சகோதரிக்கும் இதே வருத்தம். ஒரு பெருநாள் காலத்தில் ஊசியைத் தவறவிட்டு, சீனி ஏறி, வார்டுக்குக் கொண்டு போனோம். பாயையும் தலையணையையும்தான் திரும்பக் கொண்டு வந்தோம்.

"மொதல்ல கடையில தேடிப் பாருங்க" என்றாள். "பொழுது படுறதுக்குள்ள, மஃரிபுக்குள்ள கிடைக்காட்டிப் போவம். அது வரைக்கும் என்ன வார்டில போடாதீங்க."

மாமியை அவளுக்குத் துணைக்கு இருத்திவிட்டுப் புறப்பட்டேன். மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் போன் எடுபடவில்லை; கரண்ட் இல்லாமல் சார்ஜ் முடிந்திருக்க வேண்டும். புறப்படும்போது ஒரு பை பிலிமையும் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கையில் இருந்த பெறுமதியான பொருள் அது ஒன்றுதான் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பக்கத்திலிருந்த பார்மசி பூட்டிக் கிடந்தது. அடுத்ததில் கையை விரித்தார்கள். சைக்கிளை அங்கேயே பூட்டிவிட்டு, வெங்காயம் ஏற்றிக்கொண்டு போன ஒரு லொறியை மறித்து ஏறினேன்.

"எங்க போறீங்க நானா, இந்த வெயில்ல?" என்றார் சாரதி.

"இன்சுலின் தேடிப் போறன்."

"நான் டீசல் தேடிப் போறன்" என்றார் அவர். "ரெண்டு பேரும் ஒண்டாத் தேடுவம்."

பாலாவிச் சந்தியில் இறங்கியபோது தொண்டை காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. சந்திப் பார்மசியில் இல்லை. அங்கிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு புத்தளம் டவுனுக்குப் போனேன். அங்கேயும் ஒன்றில் இல்லை, இன்னொன்றில் இல்லை. ஒரு கடையில், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண், "வந்தாச் சொல்லுவம், நம்பரத் தந்திட்டுப் போங்க" என்றாள். எனக்கு முன்னால் நம்பர் கொடுத்தவர்களின் நம்பர்கள் ஒரு மட்டையில் மேலிருந்து கீழ் வரைக்கும் எழுதியிருந்தன. எனக்கு ஏதோ ஆகிவிட்டது. பையைத் திறந்து பிலிம் குப்பிகளை அவள் முன்னால் கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

"இத எடுத்துக்கங்க. எப்படியாவது ஒரு குப்பி தேடித் தாங்க."

அவள் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். "என்ன மருந்துக் குளிசை இது?"

"குளிசை இல்ல. பிலிம்."

"எக்ஸ்ரேக்கா?"

"இல்ல. போட்டோ எடுக்கிறது."

கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஒங்கட்டப் போன் இல்லையா?"

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். வேறு நாளாக இருந்தால் அவரைவிடச் சத்தமாக நான் சிரித்திருப்பேன். பிலிமை அவசரமாகப் பைக்குள் வாரிப் போட்டேன். ஒரு குப்பி உருண்டு மேசைக்குக் கீழே போனது. குனிந்து எடுக்கவில்லை. வாழ்க்கையில் நான் விட்டுவிட்டு வந்த முதல் ரோல் அதுதான்.

வெளியே வெயிலில் நின்றபோது மாமி போன் எடுத்தார்.

"மகன், இவ ஓயாமத் தண்ணி கேக்கிறா. குடிச்சதெல்லாம் வாந்தி சத்தியா எடுத்திட்டா. கதைச்சாக் கண்ணத் திறக்கிறா, பொறகு மூடிட்டுப் படுக்கிறா. வாங்க."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காலையில், அந்தக் குப்பியை அவள் ஜன்னலுக்கு நேரே பிடித்த நேரத்திலேயே, எங்கே மருந்து இருக்கும் என்பது எனக்குத் தெரியும். எத்தாளை மீன் வியாபாரியின் தாயாருக்கும் அந்த ஊசிதான். சைக்கிளில் போய்வருகிற தூரம். ஆனால் அங்கே போனால், இவ்வளவு நாளும் தந்த ஐஸ் எங்கே போனது என்று அவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, அந்த ஒரு வாசலைத் தவிர மற்ற எல்லா வாசலுக்கும் அன்று முழுக்க அலைந்தேன். டவுனில் நின்றுகொண்டு இதை எனக்கு நானே சொன்னபோது, தாகத்தை மறந்து வாய்விட்டு அழுதேன். ஒரு பழ வியாபாரி, நோன்பு கடுமையாக்கும் என்று நினைத்து, "இன்னம் கொஞ்ச நேரந்தான், பொறுத்துச் சபூர் செய்ங்க" என்றார்.

பஸ் மாறி, கடைசியில் பார்மசி வாசலில் விட்ட சைக்கிளை எடுத்து எத்தாளைக்கு மிதித்தபோது சூரியன் கடலுக்கு மேல் இறங்கிவிட்டிருந்தது. வியாபாரி வாடிக்கு முன்னால் வெறும் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு ஐஸ் இல்ல நானா. மிசின் ஓடல்ல."

"ஐஸ் வேணாம் தம்பி. மருந்து வேணும். அம்மாட்ட ஒரு குப்பி இருந்தா..."

"ஏன்? ஒங்கட மருந்து?"

"பழுதாயிட்டு."

"எப்படிப் பழுதாகும்? நாளாந்தம் ஐஸ் தந்தேனே."

சொன்னேன். பிலிம் என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. பெட்டி, உப்பு, அடுக்கு எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போது பழக்க தோசத்தில் பிரியாணிப் பகிடியையும் விட்டேன். அவர் சிரிக்கவில்லை. கழுவிக்கொண்டிருந்த பெட்டியை மெதுவாக மணலில் வைத்தார்.

"போன கிழமை ஒரு பெட்டி பாரை மீனக் கடல்ல கொட்டினேன் நானா. ஐஸ் காணாம. வீட்டில கேட்டாங்க, ஏன் அந்த நானாவுக்கு அள்ளிக் குடுத்தீங்க எண்டு. ஒரு மனுசிட உயிர் எண்டு சொன்னேன்." ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். "போட்டோவுக்கா நானா? போட்டோவுக்கா?"

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

வாடிக்குப் பின்னால்தான் வீடு. வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் செபமாலையோடு அவருடைய தாயார் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"எப்ப இருந்து ஊசி போடல்ல அந்தப் புள்ள?" என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்.

"காலையில இருந்து அம்மா."

"காலையில இருந்தா? பின்ன இவ்வளவு நேரம் எங்க நிண்ட மகன்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவர் மகனைப் பார்த்து, "தண்ணிப் பானைக்குப் பக்கத்தில கிடக்கு. புதுசு ஒண்டு இருக்கு, உடைக்காதது. எடுத்திட்டு வா" என்றார்.

"அம்மா, ஒங்களுக்கு?"

"எனக்குப் பாதிக் குப்பி கிடக்கு. அது முடியிறதுக்குள்ள எங்கயாச்சும் வரும். வராட்டி இவர்ட பிலிமக் குத்துவம்."

மகன் உள்ளே போனார். தாயார் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"அவ்வளவு பிலிம் வச்சிருக்கிறியே மகன், பொஞ்சாதிய ஒரு படமெண்டாலும் பிடிச்சியா?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் நான்.  தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன்.

வியாபாரி குப்பியை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சைக்கிளில் ஏறியதும், "பொக்கெட்டில வைக்காதீங்க, ஒடம்புச் சூடு படும்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு கையில் குப்பி, ஒரு கையில் ஹாண்டில். பள்ளம் ஒவ்வொன்றும் என் நெஞ்சில் ஏறி இறங்கியது. விழுந்தால் குப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தால் விழ வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். முகத்தை யார் படம் பிடிக்கப் போகிறார்கள்.

வீட்டு வாசலில் இறங்கியபோது பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டது. மனைவி பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. மூச்சு வேகமாக இருந்தது. நான் குப்பியைக் காட்டினேன். அவள் நம்பாமல் அதை வாங்கி, கையில் உருட்டி, ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பால் மாதிரி இருந்தது. மாமி அவளைத் தாங்கிப் பிடிக்க, தன் ஊசியைத் தானே போட்டாள். குப்பியை என் கையில் திருப்பித் தரவில்லை. தந்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

மாமி ஒரு பேரீச்சம்பழத்தையும் ஒரு கோப்பைத் தண்ணீரையும் என் பக்கம் தள்ளினார். "நோன்பத் திறங்க மகன்" என்றார். தண்ணீரை வாயில் வைத்தேன், இறங்கவில்லை. அவளுடைய மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த மூச்சு ஒழுங்காகாவிட்டால் எவ்வளவு கெஞ்சினாலும் கேட்காமல் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது என்று, பக்கத்துத் தெருவில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்த ஓட்டோக்காரருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அவர் வாசலில் ஓட்டோவோடு காத்திருந்தார். மாமி ஓதிக்கொண்டிருந்தார். நானும் ஓதினேன், ஓதும்போதும் இடையில் எங்கே விட்டேன் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்.

இரவுத் தொழுகைக்கு, இஷாவுக்குப் பாங்கு சொல்லும்போது அவள் கண்ணைத் திறந்தாள்.

"கஞ்சி இருக்கா?" என்று கேட்டாள்.

மாமி சிரித்துக்கொண்டு அழுதார். ஓட்டோக்காரரை நாளைக்குக் காலையில் வரச் சொல்லி அனுப்பினேன். எதற்கும் டொக்டரிடம் ஒரு தரம் காட்ட வேண்டும் என்று இந்த முறை அவளே சம்மதித்தாள். பள்ளிவாசல் கஞ்சியில் கொஞ்சம் குடித்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என்னைப் பார்த்தாள். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டாள். எத்தாளை என்றேன். ஐஸ் தருகிறவர் வீட்டிலா என்றாள். ஓம் என்றேன். என்ன சொல்லி ஐஸ் வாங்கினேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் எழும்பி ரெஜிபோம் பெட்டியைத் திறந்து, உப்புத் தண்ணீரில் மிதந்த பைகளை எல்லாம் தூக்கி முற்றத்தில் வைத்தேன். பிறகு பிரிட்ஜைத் திறந்தேன். மேல் தட்டில் மிச்சமிருந்தவை, நடுத் தட்டில், மரக்கறிப் பெட்டியில், ஐஸ் அறையில் நான் ஒளித்து வைத்திருந்தவை, எல்லாவற்றையும் உப்புச் சாக்கு ஒன்றில் கொட்டினேன். குப்பிகள் சாக்குக்குள் விழுகிற சத்தம் இருட்டுக்குள் வீடு முழுக்கக் கேட்டது. பழைய துணியை நனைத்துத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எத்தாளைக் குப்பியை மண்சட்டிக்குள் அவளே வைத்திருந்தாள். நான் அதன் பக்கம்கூடப் போகவில்லை.

வேலை முடிந்ததும் வெறும் பிரிட்ஜின் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தியை உள்ளே பிடித்து அவளுக்குக் காட்டினேன். வெள்ளை வெளேரென்று, தட்டுக்கு மேல் தட்டு, ஒரு பொருள் இல்லை. இவ்வளவு இடம் அதற்குள் இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும்.  ஒரு நாட்டையே எழுதிக் கொடுக்கிறவன் மாதிரி நின்றுகொண்டு சொன்னேன்:

"பாரு புள்ள. இனி இந்தப் பிரிட்ஜ் முழுக்க ஒனக்குத்தான்."

அவள் பாயில் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்:

"கரண்ட் வரட்டும், பாப்பம்."